அம்மா படி தாண்டினார்

என் தாயாரின் முதலாண்டு நினைவுக்காக வெளிவரும் இம்மலருக்குப் பெரியப்பா அவர்கள் இரண்டு பக்கம் எழுதித் தந்தார். அதில் ‘வீட்டுப் படி தாண்டாத உத்தமி’ என்று மூன்று இடங்களில் இருந்தது. அந்தப் பக்கங்களை நான் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. அம்மா படி தாண்டினார். எங்கெங்கே என்பதை உறவினரும் நண்பர்களும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நல்லம்பள்ளிக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தார். பாலக்கோட்டுக்கு மணமாகி வந்தார். அப்பா வெல்ல வியாபாரமாகச் சேலம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறுவர் கதைப் புத்தகம் வாங்கி வருவார். என் ஏழாவது வயதில் அம்மை கண்டு அப்பா காலமானார். பிறகு அந்தப் புத்தகங்களை அம்மாதான் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வளர்ந்து கம்பவுண்டர் படிப்புக்குப் போன பிறகும் அவர் அவற்றை விடவில்லை. எனக்காக அல்ல, தமக்காகவே படித்தார். பேசும் பறவை, காட்டில் தொலைந்த அரசகுமாரி, திசை தப்பிய கப்பல் எல்லாம் அவருக்கு அலுக்கவே இல்லை.

“உங்கம்மாளுக்கு இன்னும் பால்பல்லு வுழுகலையா?” என்று பெரியப்பா எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்பார். அன்று சிரித்தவர்களே, உங்களில் பலர் இப்போது இம்மலரைக் கையில் வைத்திருப்பீர்கள்.

இனி, அம்மா போன இடங்கள். சேலத்துப் புத்தகக் கடைக்கு என்னோடு மூன்று முறை. ஒகேனக்கலுக்கு ஒருமுறை, அது அருவிக்காக அல்ல. கதையில் வரும் கப்பல் எவ்வளவு பெரிது என்று அவருக்குப் பிடிபடவில்லை. பரிசலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “இந்த மாதிரி எத்தன பரிசல் சேந்தா ஒரு கப்பலுங்க?” என்று கேட்டார். “நான் எங்க தாயி கப்பலக் கண்டேன்? நீங்க கண்டுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க” என்றார் பரிசல்காரர். திரும்பும் வழியெல்லாம் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்தின் கடைசி ஞாயிறுதோறும் தருமபுரி வாசகசாலைக்குப் போனார். அன்று மதியம் அங்கே சிறுவர் கதை வாசிப்பார்கள். தண்டவாளம் இருந்தவரை சின்ன ரயிலில் போனார். உலகச் சண்டைக் காலத்தில் அதைப் பெயர்த்த பிறகு, பெட்ரோல் கிடைக்காமல் கரியை மூட்டி ஓட்டிய கரிவாயு பஸ்ஸில். பெண்களுக்குப் பக்கத்து அறையில்தான் இடம். ஒருநாள் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. அம்மா புத்தகத்தை வாங்கி, அந்த அறையில் இருந்தபடியே வாசித்தார். முன்னால் இருந்த பிள்ளைகள் எழுந்து வந்து கதவோரம் உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் ஆண்டு விழாவில் முதல் நிகழ்ச்சியாக அவருடைய கதை வாசிப்பை வைத்தார்கள். நோட்டீஸில் பெயர் அச்சானது. ஒருமுறையாவது மேடையில் நின்று, முழுக்கதையும் வாசிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு சிறுமியைத் தீவில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும் கதையை எடுத்துக்கொண்டார். ஒரு மாதம் எங்கள் அடுப்படியில் அந்தத் தீவுதான்.

விழாவன்று வாசலிலேயே காரியதரிசி எங்களை நிறுத்தினார். அவர் கையிலிருந்த நோட்டீஸில் அம்மாவின் பெயர் மீது பேனாவால் கோடு இழுத்திருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. குத்துவெளக்கு ஏத்தின கையோட நீங்க வந்து நிக்கறது நல்லால்லைன்னு உங்க வூட்டுப் பெரியவங்களே வந்து சொல்லிட்டுப் போனாங்க.”

வந்து சொன்னவர் பெரியப்பா. கைம்பெண் முதலில் நிற்கக் கூடாதாம். அம்மா கோபப்படவில்லை.

“கடைசியில வாசிக்கலாங்களா? எல்லாரும் எந்திரிச்சுப் போன பொறவுன்னாலும் பரவால்லீங்க.”

நேரம் இருக்காது என்றார்கள். அம்மா அந்த நோட்டீஸைக் கேட்டு வாங்கி, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து அறையில் போய் உட்கார்ந்தார். வேறொருவர் வாசகசாலைப் பிரதியை எடுத்து, அதே கதையைப் பாதிப் பக்கங்களை விட்டுவிட்டு வாசித்தார். புயலே அடிக்காமல் அந்தச் சிறுமி வீடு சேர்ந்துவிட்டாள்.

மாலையில் திரும்பும்போது பாலக்கோட்டுச் சாலையில் பஸ் நின்றது. கரி போட்டு மூட்ட வேண்டும். எல்லோரும் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தோம். அம்மா புத்தகத்தைத் திறந்தார். முதலில் எனக்கு மட்டும் வாசித்தார். புளி மூட்டையோடு வந்த ஒருவர், “கொஞ்சம் சத்தமாப் படிங்கக்கா, எங்களுக்கென்ன காதில்லையா?” என்றார். அம்மா எழுந்து நின்றார். வண்டி சரியாகி, டிரைவர் ஆரன் அடித்தபோது யாரும் அசையவில்லை. “பொறுப்பா. அந்தப் புள்ள இன்னும் தீவுல தனியா நிக்குது” என்றார் புளிக்காரர். டிரைவரும் இறங்கி வந்து கேட்டார். முழுக்கதையும் அம்மா வாசித்தது அங்கேதான்.

அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஒன்பது மாதம் வீட்டிலேயே இருந்தார். விஷக்காய்ச்சல் கண்டு பதினோராம் நாள் மறைந்தார். பெரியப்பா அவர்களே, நீங்கள் மறித்ததால் வீட்டில் இருந்த அந்த ஒன்பது மாதத்தை அவருடைய முழு வாழ்க்கை என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. கூட இருந்து தலையாட்டியவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சலில் பக்கத்திலிருந்து பார்த்த டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், பரிசல்காரருக்கும், பஸ் டிரைவருக்கும், பெயர் கேட்க மறந்துபோன அந்தப் புளி வியாபாரிக்கும் என் வணக்கம். நான் மகள் என்பதால் எனக்குப் பதில் கொள்ளி வைத்த பெரியப்பா மகனுக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய பெரியப்பாவுக்கும் அந்த உதவிக்காக நன்றி. அதற்காக மட்டும்.

அந்த நோட்டீஸ் என்னிடம் இருக்கிறது. கோடு பேனா மையால் இழுத்தது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அந்த மையைக் கரைக்கும். விளக்குக்கரியில் செய்த அச்சு மையை ஒன்றும் செய்யாது. இது நான் படித்த தொழில். போன வாரம் பஞ்சில் தொட்டு மூன்று முறை ஒற்றினேன். கோடு போய்விட்டது. அம்மாவின் பெயர் முதல் வரியில் அப்படியே இருக்கிறது.

திதியன்று அதை அம்மாவின் படத்தருகே வைப்பேன். விளக்கேற்றிய கையோடு அந்தக் கதையை நானே வாசிப்பேன், தீவையும் புயலையும் விடாமல். பெரியப்பா அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கும்படி வேண்டுகிறேன்.