பெர்னதெத்தின் கண்ணாடிக் குழாய்

அந்த அலமாரியைக் கடக்கும்போது மட்டும் பெர்னதெத் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அங்கேதான் அவளுடைய கண்ணாடிக் குழாய் நிற்கிறது. மூடியில் ஊசித் துளை. அதன் வழியே திரவம் மெல்ல மெல்ல ஆவியாக, அடியில் படிகம் வளர வேண்டும். அசைத்தால் போச்சு, அத்தனையும் மாவாகிவிடும். பார்த்தால் கையில் எடுக்கத் தோன்றும். அதனால் பார்ப்பதே இல்லை. கேட்பவர்களிடம், "பாத்தா வெக்கப்பட்டுக்கும்" என்பாள்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவள். ஆய்வுக்கூடத்தில் வளையம் செய்கிறாள். விரலுக்குப் போடுகிற வளையம் இல்லை. பாஸ்பரஸ் ஒன்று, நைட்ரஜன் ஒன்று என அணுக்கள் மாறி மாறிக் கைகோத்து நிற்கும் வளையம். பஸ்ஸிலும் அதே நினைப்பு. மழை நாளில் ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி யஷ்வந்தபுரம் வரை போய்விட்டு நனைந்துகொண்டே திரும்பி வருவாள்.

"எட்டு பேரு கை கோத்துக்கினு நிக்கிறாங்க சுனிதா. யாரு உள்ள சாஞ்சிருக்காங்க, யாரு வெளிய சாஞ்சிருக்காங்கன்னு யோசிச்சேன், ஸ்டாப் போய்டுச்சு" என்பாள் பக்கத்து மேஜைக்காரியிடம். சுனிதாவுக்குச் சிரிப்பு அடங்காது.

வழிகாட்டியான பேராசிரியர் கோதண்டராமனுக்குத்தான் நம்பிக்கை இல்லை. "வளையம் மூடலம்மா. ரெண்டு முனையும் சேராம வெறும் சங்கிலியாத்தான் நிக்குது. இந்த மாசத்தோட விட்டுடு" என்று சொல்லிவிட்டார். வளையமா சங்கிலியா என்று காட்ட ஒரே ஒரு நல்ல படிகம் போதும். எக்ஸ்ரேயில் வைத்தால் தெரிந்துவிடும். அது கிடைக்காவிட்டால் இத்தனை வருஷத்துப் பாடும் வீண்.

நேற்று மதியம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அலமாரி அருகே கோதண்டராமன் நின்றிருந்தார். கையில் அவளுடைய குழாய். அடியில் வெள்ளை மாவு.

"வெளிச்சத்துல ஒரு தரம் பாக்கலாம்னு எடுத்தேம்மா. ஓரத்துல ஒண்ணு மினுங்கிச்சு. நல்லா பாக்கலாம்னு திருப்பினேன்..."

பெர்னதெத்துக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. விட்டுவிடு என்று சொன்ன மனுஷர், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து எட்டிப் பார்த்திருக்கிறார்! ஆனால் அவர் இன்னும் குழாயைக் கீழே வைக்கவில்லை. அந்த மினுமினுப்பை மாவுக்குள் தேடிக்கொண்டே இருந்தார்.

"நீங்களும் காத்துக்கினுதான் இருந்தீங்களா சார்?"

அவர் குழாயை அவளிடம் நீட்டினார். "இன்னொரு தரம் போடுறியாம்மா?" என்று மெல்லக் கேட்டார். மாசம் முடிவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

அவள் மாவைக் கரைத்தாள், வடிகட்டினாள், புதுக் குழாயில் ஊற்றி மூடியில் ஊசி குத்தினாள். பிறகு குழாயை அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே வைங்க சார்."

கோதண்டராமன் இரண்டு கையாலும் வாங்கி, மூச்சை அடக்கிக்கொண்டு அலமாரியில் வைக்கப் போனார். குழாய் லேசாகச் சாய்ந்தது. பிடிக்கப் பாய்ந்த தன் கைகளைப் பெர்னதெத் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.