ஒரே வரப்பின் இரண்டு பக்கம்

வரிச்சிக்குடியில் எங்கள் வயலுக்கும் அண்ணி வயலுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அண்ணன் இறந்துபோன பிறகு அண்ணியே தன் பங்கைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் நான் பூச்சி மருந்து அடிக்கும்போது காற்று திரும்பிவிட்டது. பக்கத்தில் களையெடுத்துக்கொண்டிருந்த அண்ணி வாந்தியெடுத்து மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "இனிமே என் வயல்ல ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது தம்பி" என்றார்.

என்னால்தான் விழுந்தார். இருந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. புழு தெரிகிறதோ இல்லையோ, நட்ட சில நாளிலேயே குருணை மருந்து போடுவேன். அப்புறம் தெளிப்புக்கு மேல் தெளிப்பு. "உங்க வயல் பூச்சியெல்லாம் இங்கதான் வருது" என்று வரப்பில் நின்று கத்தியிருக்கிறேன்.

பிறகு ஒரு சம்பாவில், கதிர் வெளிவரும் நேரத்தில் வாய்க்கால் வறண்டது. வாய்க்கால் முடிகிற கடைமடை எங்கள் ஊர், கேட்டு வாங்க ஆற்றிலும் தண்ணீர் இல்லை. மழையும் வரவில்லை. போர் தண்ணீர் உப்பு.

இரண்டு வயலிலும் ஒரே விதை, ஒரே நாள் நடவு. அண்ணி வயலில் மத்தியானம் சுருண்ட இலை சாயங்காலம் விரிந்தது. என் வயலில் சுருண்டது சுருண்டபடியே நின்றது. மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். என் மண் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. வேர் விரல் நீளம்கூட இறங்கவில்லை. அண்ணியிடம் கேட்டுவிட்டு அந்தப் பக்கமும் வெட்டினேன். பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் ஈரம். மண்புழு நெளிந்தது.

"எங்கிட்ட ஒண்ணுகூட இல்லை அண்ணி."

"அதுங்க சாகாம எப்படி இருக்கும் தம்பி?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மருந்தடிக்கும் டேங்கில் குடிதண்ணீரைப் பிடித்து முதுகில் மாட்டிக்கொண்டு பயிர் பயிராகத் தெளித்தேன். என் மனைவி ஓடிவந்து பட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு? இது எத்தனை பயிருக்கு வரும்?"

அவளை உதறிவிட்டு மதியம்வரை தெளித்தேன். நான் வரிசையின் கடைசிக்குப் போவதற்குள் முதல் பயிரின் அடிமண் காய்ந்திருந்தது. ஒரு வாரம் கழித்து, கருகிப்போன பயிரில் ஆடுகளை விட்டு மேய்த்தோம். அண்ணிக்குப் பாதி விளைந்தது.

அடுத்த வருஷம் நான் மருந்தே வாங்கவில்லை. இலைச்சுருட்டுப் புழு வந்தது. அதைத் தின்ன என் வயலில் சிலந்தியும் இல்லை, தட்டானும் இல்லை. சில நாளில் வயல் வெளுத்துப்போனது.

"அடிச்சா மண்ணு போகுது, அடிக்கலைன்னா பயிர் போகுது. எதைங்க விடறது?" என்று மனைவி கேட்டாள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் மருந்து வாங்கிவந்து அடித்தேன். இந்த வருஷமும் அடித்துவிட்டேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. மண்வெட்டி போட்டால் இப்போது கல்லில் பட்டதுபோல் சத்தம் வருகிறது.