கடதாசியில் இளையவர்

என் அக்கா கத்தரினின் கணவர் செபமாலைமுத்துவுக்கு இரண்டு வயதுகள். தேவாலயத்துக்கு அவர் அறுபத்தாறு, அரசாங்கத்துக்கு ஐம்பத்தெட்டு. மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றபோது பங்குக் குருவானவர் எழுதிய வருடம்தான் உண்மை. மற்றது, தொண்ணூறாம் ஆண்டு ஹீத்ரோவில் வந்து இறங்கியபோது அத்தான் தன் வாயால் சொன்னது. “வயசைக் குறைச்சுச் சொல்லு தம்பி, இளந்தாரியெண்டால்தான் அங்க வேலை குடுப்பாங்கள்” என்று கொழும்பில் ஏஜென்ட் சொல்லி அனுப்பியிருந்தான். காசை வாங்கிக்கொண்டு ஆட்களை நடுவழியில் விட்டவன் அவன். அவன் பேச்சைக் கேட்டு எட்டு வருடத்தை அப்படியே விழுங்கிவிட்டார் மனிதர்.

இது எங்களுக்குப் பல வருடம் பகிடியாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு ஞானஸ்நானப் பத்திரம் வேண்டுமென்பதால் எங்கள் பங்குத் தேவாலயத்தில் எல்லோருக்கும் அவருடைய சரியான வயது தெரியும். பங்கு மண்டபத்தில் அறுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம். அந்த வருடம் வேலையிடத்தில் அவருக்கு ஐம்பத்திரண்டு. “எங்கட அத்தானுக்கு மட்டும் லண்டன் குளிர் நல்லா ஒத்துக்கொண்டிருக்கு” என்று நானே மைக்கைப் பிடித்துச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

அவர் வேலை செய்தது கிழக்கு லண்டனில், ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்க்கும் ஒரு பெரிய லோண்ட்ரியில். அங்கே பொயிலர் ஒப்பரேட்டர். தோய்க்கவும் காயவைக்கவும் ஸ்திரி போட்டு மினுக்கவும் நீராவி வேண்டும். நீராவி நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் பொயிலர் அறையில் நின்று பிரஷரையும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெற்றோல் ஷெட்டில் நின்ற எங்கள் ஆட்களைவிட அவருக்குச் சம்பளம் கூட, ஷிப்ட் காசு வேறு. மனோர் பார்க் வீடு அந்தச் சம்பளத்தில்தான் வந்தது. அதற்குப் பதிலாக ஒரு காதையும் இரண்டு முழங்காலையும் கொடுத்தார்.

அந்த அறையில் ஐந்து பேர் மாறி மாறி நின்றார்கள். ஒரு ஐரிஷ்காரர், ஒரு ஜமேக்காக்காரர், ஒரு கானாக்காரர், அத்தான், அத்தானின் சினேகிதன் நித்தியானந்தன். பெண் என்று ஒருத்தரும் இல்லை. கடைசி வருடங்களில் ஐம்பதுக்குக் கீழேயும் ஒருத்தரும் இல்லை. விளம்பரம் போட்டால் எப்போதாவது ஒரு இளம் ஆள் வருவான். வெக்கையைக் கண்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போனால் அதோடு சரி. ‘கிழவர் மடம்’ என்று தோய்க்கிற பகுதிக்காரர்கள் அந்த அறைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அந்த மடத்தில் கடதாசிப்படி கடைக்குட்டி எங்கள் அத்தான்தான். உயரத்தில் இருக்கும் வால்வைத் திருகுவதா, பொயிலர் தண்ணீரை மென்மையாக்கும் உப்பு மூட்டை தூக்குவதா, “நீதானே பெடியன்” என்று எல்லாம் அவர் தலையில் விழும். முப்பது வருடம் அவர் மறுபேச்சில்லாமல் செய்தார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

நித்தியானந்தனின் கதை நேர் எதிர். அவன் பருத்தித்துறைக்காரன், உண்மையில் அத்தானைவிட ஐந்து வயது இளையவன். வாய்க்கு வாய் “அண்ணை” என்றுதான் கூப்பிடுவான். ஆனால் வேறொரு ஆளின் பாஸ்போர்ட்டில் வந்தவன், விசாரணையில் பயந்துபோய் அதிலிருந்த வருடத்தையே சொல்லிவிட்டான். அதனால் அரசாங்கக் கணக்கில் அவன்தான் மூத்தவன்.

போன வருடம் கொம்பனி கூட்டம் வைத்தது. நீராவியை நிறுத்தப் போகிறார்களாம். புதிய மெசின்கள் தாங்களே சூடாகிக்கொள்ளும், பொயிலர் அறை தேவையில்லை. பென்சன் வயதுக்கு, அதாவது அறுபத்தாறுக்கு, வந்தவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்குப் போகலாம். வராதவர்கள் பராமரிப்புப் பகுதிக்கு மாற வேண்டும். அந்த வேலை ஏணியில்தான். காயவைக்கும் மெசின்களுக்கு மேலே ஓடும் பெரிய குழாய்களில் பஞ்சு அடைக்கும், ஏறி ஏறி அதைத் துப்புரவாக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் வருத்தம், நோய் ஏதும் இருக்கிறதென்று வந்தால், அவர்களுக்கும் கொம்பனிப் பென்சன் உண்டு. அதுவும் இல்லை, ஏணியிலும் ஏற முடியாது என்றால் வெறுங்கையோடு போக வேண்டியதுதான். அத்தானுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த ஏணியில் ஏறாமல் வீட்டில் இருப்பது.

நித்தியானந்தன் முதல் ஆளாகப் போனான். பிரியாவிடைக்குச் சமோசாவும் ரோல்ஸும் வைத்தார்கள். அவன் ஒன்றையும் தொடவில்லை என்று அத்தான் வந்து சொன்னார். வாசலில் வைத்து இவர் கையைப் பிடித்துக்கொண்டானாம்.

“அண்ணை, இது உங்கட இடம். நான் களவெடுத்த மாதிரிக் கிடக்கு.”

“விசர்க் கதை கதையாதை. போய் நிம்மதியா இரு” என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு உள்ளே போய் அன்றைக்கும் உப்பு மூட்டை தூக்கினார்.

வயதைத் திருத்தினால் என்ன என்று நான்தான் கிளப்பினேன். ஞானஸ்நானப் பத்திரம் கையில் இருக்கிறது, பிறகென்ன பயம்? அக்காவையும் அவரையும் நான் ஓட்டும் மினிகாப் டாக்சியில் ஏற்றிக்கொண்டு இல்பேர்ட்டில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணியிடம் போனேன். நல்ல பிள்ளை அது, நேராகப் பேசியது.

“திருத்தலாம் ஐயா. ஆனா திருத்தக் கேக்கேக்க, சிற்றிசன்ஷிப் எடுக்கேக்க பிழையான திகதி குடுத்தனான் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கிற மாதிரி. குடிவரவுக்காரர் பழைய ஃபைலைத் திறந்து பாக்கலாம், சிற்றிசன்ஷிப்பைப் பறிக்கவும் ஏலும். அநேகமா ஒண்டும் நடக்காது.”

“அநேகமாவோ?” என்று கேட்டாள் அக்கா.

“ஓம் அன்ரி. நடக்கவே நடக்காது எண்டு நான் எழுதித்தர ஏலாது.”

அக்கா கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். காரில் ஏறியபிறகுதான் வாயைத் திறந்தாள். “ஆமி அநேகமா வராது எண்டு சொல்லித்தான் எங்கட அப்பாவைக் கடைக்கு அனுப்பினவை. எனக்கு இந்த அநேகமா காணாது.” அவளோடு யார் வாதாடுவது? அப்பாவைச் சாமத்தில் இல்லை, பட்டப்பகலில் பறிகொடுத்த வீடு எங்களது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை. அத்தானுக்குக் காது ஒன்று மந்தமென்பதால் நானும் கூடவே உள்ளே போனேன். கொம்பனி நேர்ஸ் அன்பான வெள்ளைக்காரப் பெண். முழங்காலை மடக்கச் சொன்னாள், கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள், படியில் ஏறி இறங்கச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவள் முகம் மாறிக்கொண்டே போயிற்று. ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு இப்படி இருக்கக் கூடாது, உள்ளே ஏதோ ஒரு வருத்தம் இவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்றாள். இரத்தம், எலும்பு, இருதயம் எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று உடனே எழுதினாள். போகும்போது அத்தானின் தோளைத் தட்டி, பயப்பட வேண்டாம் என்று ஆறுதலும் சொன்னாள்.

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். அவருக்கு அறுபத்தாறு அம்மா, வேறு ஒரு வருத்தமும் இல்லை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அத்தான் என் முழங்கையைப் பிடித்து அமத்தினார். “நன்றி” என்று அவளுக்குச் சொல்லிவிட்டுச் சேர்ட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

அதன்பிறகு வீட்டில் ஒரு வினோதமான நம்பிக்கை பிறந்தது. அதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் அக்கா மடு மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நெடுநேரம் முழந்தாளில் நின்றாள். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

“என்னக்கா, சுகம் கேட்டு மன்றாடினனியோ?”

“இல்லையடா” என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஒரு சின்ன வருத்தம் குடுக்கச் சொல்லிக் கேட்டனான். பெரிசா வேண்டாம், மருந்தோட இருக்கிற மாதிரி ஒண்டு. ஏணியில ஏறாத அளவுக்கு.”

நாற்பது வருடமாகப் புருசனின் சுகத்துக்கு மெழுகுதிரி கொளுத்துகிற பெண்களைத்தான் அந்தப் படம் பார்த்திருக்கும். என் அக்காவை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒருவரா இருவரா, நான் யாரைப் போய்த் திட்டுவது? காரை எடுத்தேன்.

சோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. முடிவைச் சொல்லும் நாளில் அக்கா வரவில்லை, தன்னால் அங்கே இருக்க ஏலாது என்றாள். டொக்டர் இளம் ஆள், சந்தோஷமாகத்தான் வரவேற்றார். புற்றுநோய் இல்லை, சீனி வியாதி இல்லை, இருதயம் திறம். மூட்டுத் தேய்மானம் மட்டும்தான். சிலருடைய உடம்பு வயதுக்கு முந்திக் களைத்துவிடும், அது வருத்தம் இல்லை, நீங்கள் அதிர்ஷ்டசாலி என்று கையைக் குலுக்கினார். கொம்பனிக்கும் உடனேயே ஈமெயிலில் அப்படியே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அத்தான் அவருக்கும் நன்றி சொன்னார். கார் தரிப்பிடத்தில் அவருக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். வழியில் கொம்பனியிலிருந்து போன் வந்தது. “ஓகே, ஓகே, மண்டே” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அக்கா வாசலிலேயே நின்றாள்.

“என்னவாம்?”

“ஒண்டுமில்லையாம். ஒரு வருத்தமும் இல்லையாம்.”

“மாதாவே, நன்றியம்மா” என்று அக்கா பழக்கத்தில் சிலுவை அடையாளம் போட்டாள். நெற்றி, நெஞ்சு என்று வந்த கை தோளுக்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டது. பிறகு அந்தக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினாள். அவளைத் தாண்டிப் போக இடமில்லாமல் அத்தான் சப்பாத்தோடு வாசலில் நின்றார்.

“அழாதையும் கத்தரின்” என்றார். “ஏணி வேலைக்கு எப்ப வாறாய் எண்டு கேட்டவங்கள். திங்கக்கிழமை வாறன் எண்டு சொல்லிப்போட்டன்.”