கசியோகாவின் விளக்கு மொழி

நகரத்தின் கரியோபாங்கி பகுதிப் பட்டறைகளில், மடாட்டு என்கிற தனியார் பஸ்களுக்கு வண்ண விளக்கு கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த விளக்குகளுக்கென்று ஒரு மொழியையே கட்டியவள் கசியோகா ஒருத்திதான். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று நடத்துநரே தன் போனில் எழுதிக்கொள்ளலாம்; ஒவ்வொரு மாற்றத்துக்கும் பட்டறைக்கு ஓடிவர வேண்டாம். பகல் முழுக்கக் கம்பி முறுக்குவாள். இடையில் கிடைத்த நேரத்தில் மொழியை வளர்த்தாள்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் கணினிப் பட்டம். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. அந்தப் படிப்புக்கு அவளிடம்தான் சரியான வேலை கிடைத்தது. எழுதியதைச் சொல் சொல்லாக நறுக்கித் தருகிற லெக்ஸர் என் பங்கு. பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, வேண்டாத கமாவோ, எதற்கும் அது முகம் சுளிக்காது. ஆடுகிற பஸ்ஸில் கட்டைவிரலால் எழுதுகிறவர்களுக்கு அப்படித்தான் வேண்டும். நறுக்கிய சொற்களை வாங்கி, எதற்குள் எது அடங்குகிறது என்று பார்க்கிற பார்சர் அவள் பங்கு.

புது வண்டி முதலாளி கதோகோ கெடு வைத்திருந்தார். "சனிக்கிழமை வண்டி ரோட்டுக்கு வருது. அன்னைக்கு என் ஆளே எழுதி மாத்திக் காட்டணும். இல்லேன்னா ரெடிமேட் விளக்குப் பலகையை மாட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்." அவர் வேண்டாம் என்றால் அந்த ரூட்டில் வேறு எந்த முதலாளியும் எங்கள் மொழியைத் தொடமாட்டார்.

அவருடைய ஆள் நடத்துநர் ஒபுயா. வியாழக்கிழமை அவன் எழுதிப் பார்த்தான். பாட்டு ஓடினால் நீலம். அதற்குள்ளேயே, கதவு திறந்தால் சிவப்பு. இரண்டும் முடிந்தபின் தனியாக, வண்டி நின்றால் படியில் வெள்ளை. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'முடி' என்று எழுத வேண்டும். கதவுக்கு எழுத மறந்துவிட்டான். பாட்டுக்குப் போட்ட 'முடி'யைக் கதவு எடுத்துக்கொண்டது. பார்சர் கடைசிவரை போய்க் கடைசி வரியில் தப்பு என்றது. ஒபுயா அங்கேயே இன்னொரு 'முடி' போட்டான். பார்சர் சமாதானமானது. ஆனால் பாட்டை நிறுத்தியதும் படி இருட்டாகிவிட்டது. வெள்ளை விளக்கும் பாட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, உன் மொழிக்கு மண்டையில ஒண்ணுமில்ல. கடைசி வரி என்ன பாவம் பண்ணிச்சு, அதைப் போய் திட்டுது?"

"நீ மறந்தா அது என்னடா பண்ணும்?"

"நான் மறக்கத்தான் செய்வேன். ஒரு கை கம்பியில, ஒரு கால் ரோட்டுல. என் பொழப்பு அப்படி."

பார்த்துக்கொண்டிருந்த கதோகோ சாவியைச் சுழற்றிக்கொண்டே போய்விட்டார். அதுதான் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் ஒபுயாவின் பழைய வண்டியிலேயே வீடு திரும்பினோம். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அவன் ஒரு பெயர் வைப்பான். "கோழிக்கூடை அம்மா ஏறியாச்சு! சிவப்புத் தொப்பி, நீ கூடை பக்கத்துலயே நில்லு!" கொஞ்ச தூரத்தில் இறங்குவதற்காக யாரோ கூரையைத் தட்டினார்கள்.

"யாரு தட்டுறது? சும்மா தட்டுனா யாருன்னு நான் கண்டேன்? கோழிக்கூடையா? இரும்மா, முதல்ல சிவப்புத் தொப்பி இறங்கட்டும். அவன் வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறான்!"

கசியோகா என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "எல்லாத்துக்கும் ஒரே 'முடி' வெச்சோம் பாரு, அதுதாண்டா தப்பு. எது முடியுதுன்னு பேர் சொல்லித்தான் முடிக்கணும்."

வெள்ளிக்கிழமை பார்சரைப் பிரித்துப் போட்டு மாற்றினாள். 'முடி பாட்டு', 'முடி கதவு' என்று ஆனது. என் லெக்ஸரில் அதிகம் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை பட்டறை வாசலில் கூடியிருந்தவர்களுக்கு டீயும், எண்ணெயில் பொரித்த மண்டாசியும் தட்டுத்தட்டாகப் போய்க்கொண்டிருந்தன. கதோகோ நேராக விஷயத்துக்கு வந்தார். "ஒபுயா, பாட்டு ஓடும்போது மழை பெஞ்சா வெளியில மஞ்சள் வரணும். இப்பவே எழுது. நீ கிட்டயே போகாத, கசியோகா."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒபுயா எழுதினான். வழக்கம்போல மறந்தான். திரையில் வந்தது: "பாட்டை முடிக்கப் பார்க்கிறாய். அதற்குள் மழை இன்னும் முடியவில்லை. அது மூன்றாம் வரியில் தொடங்கியது."

ஒபுயா வாய்விட்டுச் சிரித்தான். "அட, இது நான் கத்துற மாதிரியே கத்துதே! முதல்ல மழை இறங்கட்டும்ங்குது!"

அவனே திருத்தினான். முன்கண்ணாடியில் மழையை உணர்கிற கருவிமேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினோம். மஞ்சள் ஓடியது. பாட்டை நிறுத்தினோம். படியில் வெள்ளை பளிச்சென்று நின்றது. கசியோகா அப்போதுதான் கைகளை அவிழ்த்தாள்.

"பலகைக்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றார் கதோகோ. கூட்டம் கத்தி முடிப்பதற்குள் ஒபுயாவிடம் கையை நீட்டினார். "போனைக் குடு. ஹார்ன் அடிச்சா தங்கக் கலர் வரணும். நானே எழுதறேன்."

எழுதினார். திரையைப் பார்த்து முகம் சிவந்தார். "என் வண்டி என்னையே திட்டுதா?"

"திட்டலை முதலாளி," என்றாள் கசியோகா. "நாலாவது வரியில ஹார்னைத் தொடங்கிட்டு முடிக்காம வந்துட்டீங்களாம். அதைத்தான் சொல்லுது."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி எழுத உட்கார்ந்தார். வண்டி கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. அவர் கையிலிருந்து போனை வாங்க யாருக்கும் தைரியம் வரவில்லை.