சஹ்ராவின் இடுப்பு மூட்டு

1. மூவரும் கைக்குழந்தையும்

இலங்கையில் போர் நிறுத்தம் வந்து, வடக்குக்கான பாதை திறந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. வன்னியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை எனக்கு. வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். மெஷின் பழையது, ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் படம் எடுக்கலாம். படங்களை இருட்டறையில் கையால் கழுவிக் கம்பியில் தொங்கவிடுவோம். வெயில் காலத்தில் டெவலப்பர் மருந்து சூடேறினால் படம் கறுத்துவிடும். அதனால் ஐஸ்கட்டிகளைப் பொலித்தீன் பையில் கட்டித் தொட்டிக்குள் இறக்கி வைப்பேன்.

எலும்பு டொக்டர் வவுனியாவிலிருந்து கிழமைக்கு ஒருநாள் வருவார். அப்படியொரு கிளினிக் நாளில் நசீமா என்ற பெண் கைக்குழந்தையோடு வந்தார். கூடவே கணவர் கபூரும் ஐந்து வயது மூத்த மகள் றிஸ்னாவும். முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். கபூர் லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு மெஷினை வைத்து வயல் உழுது கொடுப்பவர்.

றிஸ்னா நடந்து வந்ததைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது. ஒவ்வொரு அடிக்கும் அவளுடைய உடம்பு இடப்பக்கம் சரிந்தது. பிறக்கும்போதே இடது இடுப்பு மூட்டு விலகியிருந்திருக்கிறது. அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அது தெரிய வந்தது. தங்கை சஹ்ராவுக்கு இப்போது ஐந்து மாதம். அவளுக்கும் அப்படி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக டொக்டர் படம் கேட்டிருந்தார்.

"மிஸ், மாமி வீட்டுக்காரர் என்னிலதான் குறை சொல்லினம்," என்றார் நசீமா. "இவளுக்கும் அப்பிடியெண்டா நான் அந்த வீட்டில எப்பிடி இருக்கிறது?"

பிள்ளையைப் பிடிப்பவர்மேல் கதிர் படாமலிருக்க, நான் ஈய அங்கியை எடுத்து அவருக்குக் கட்டிவிட்டேன்.

2. லாண்ட்மாஸ்டர்

இடுப்புப் படத்தில் பாதி வேலை, ஆளைச் சரியாகப் படுக்கவைப்பதுதான். குழந்தை கொஞ்சம் திரும்பிப் படுத்தாலும் தொடை எலும்பின் பந்து உட்காரும் கிண்ணம் ஒரு பக்கத்தில் ஆழம் குறைந்ததுபோல் விழும். நல்ல மூட்டுக்கூடக் கெட்டதாகத் தெரியும். முதுகு தட்டையாக இருக்க வேண்டும். கால்கள் இரண்டும் நேராக, முழங்கால் சில்லுகள் கூரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு வீணாக இரண்டாம் தரம் கதிர் கொடுக்கவும் கூடாது.

சஹ்ராவுக்கு இதெல்லாம் தெரியுமா? குளிர்ந்த மேசையில் முதுகு பட்டதும் வீறிட்டாள். ஒரு காலை நேராக்கினால் மற்றக் காலை மடக்கினாள். பிறகு குழந்தை மேசையை நனைத்தாள். துடைத்துவிட்டு மறுபடியும் படுக்கவைத்தோம். அழுகை நிற்கவில்லை.

வாசலில் நின்ற கபூர், "மிஸ், நான் உள்ள வரட்டே? ஒரு சத்தம் போட்டால் அடங்குவாள்," என்றார்.

அவருக்கும் ஓர் அங்கியைக் கொடுத்தேன். மகளின் தலைமாட்டில் குனிந்து, "டுக்கு டுக்கு டுக்கு" என்று லாண்ட்மாஸ்டர் ஓட்டத் தொடங்கினார். இடையில் வயல் வரம்பு ஏறுவதுபோல் சத்தத்தைக் கூட்டினார். சஹ்ரா அழுகையை விட்டுவிட்டு வாப்பாவின் வாயையே பார்த்தாள். கால்கள் தளர்ந்தன.

"பிடியுங்கோ, அசையாதேங்கோ," என்று சொல்லித் தடுப்புக்குப் பின்னால் போய் பட்டனை அழுத்தினேன்.

3. காணாத பந்து

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். நேராக விழுந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். கபூர் எட்டிப் பார்த்தார். மூத்தவளின் படங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு இடுப்பு மூட்டு பழகிப் போயிருந்தது.

"மிஸ், கிண்ணம் தெரியுது. பந்தைக் காணேல்லையே! ரெண்டு பக்கமும் காணேல்லை."

நசீமா குழந்தையை அணைத்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"பயப்பிடாதேங்கோ," என்றேன். "இந்த வயசில தொடை எலும்பின்ர தலை குருத்தெலும்பாத்தான் இருக்கும். அது எக்ஸ்ரேயில விழாது. பந்து இருக்குது, படத்திலதான் தெரியேல்லை."

"தெரியாட்டில், சரியான இடத்தில இருக்கோ இல்லையோ எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று கேட்டார் கபூர்.

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டொக்டர். நால்வரையும் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் முதலில் குழந்தையின் தொடைகளை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்துப் பென்சிலால் குறுக்கே ஒரு கோடும், ஒவ்வொரு கிண்ணத்தின் வெளி விளிம்பிலிருந்து கீழே ஒரு கோடும் போட்டார். பக்கத்தில் றிஸ்னாவின் பழைய படத்தை மாட்டினார்.

"கபூர், இஞ்ச பாருங்கோ. தொடை எலும்பின்ர கழுத்துக்குக் கீழால ஒரு வளைவு வருகுது. அது இடுப்பெலும்பின்ர ஓட்டைக்கு மேல் விளிம்போட ஒரே வளைவாச் சேர வேணும். மூத்த பிள்ளையின்ர இடப்பக்கத்தில அது முறிஞ்சு நிக்குது. கால் மேல போயிட்டுது. சின்னவளுக்கு ரெண்டு பக்கமும் வடிவாச் சேருது. பந்து தெரியாட்டிலும் அது கிண்ணத்துக்குள்ளதான் இருக்கு."

கபூர் விரலால் அந்த வளைவின் மேல் போய்ப் பார்த்தார். முதலில் வலது, பிறகு இடது.

"அப்ப நடப்பாளோ டொக்டர்?" என்று கேட்டார் நசீமா.

"நடப்பாள். பிறகு ஓடுவாள். நீங்கள்தான் பின்னால ஓடிக் களைப்பியள். இது நோர்மல் இடுப்பு, அம்மா."

நசீமா அழுதார். டொக்டர் அவர் அழுது முடியும்வரை பொறுத்திருந்து, "மூத்தவளை இப்பிடியே விடக்கூடாது. கொழும்புக்கு எழுதித் தாறன். பாதை திறந்திருக்குத்தானே," என்றார்.

4. பிறகு நடந்தது

றிஸ்னாவுக்குக் கொழும்பில் ஒப்பரேஷன் நடந்தது. மாதக்கணக்காக மாவுக்கட்டோடு கிடந்தாள். பிறகு அவள் நடந்து வந்தபோது சரிவு கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். சஹ்ரா ஒரு வயதைத் தாண்டியதும் நடந்தாள்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த முதல் நாள்தான். சரியாகக் காயாத படத்தை நசீமா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வரிசையில் இருந்த முன்பின் தெரியாத பெண்களுக்கெல்லாம் காட்டினார். "பாருங்கோ அக்கா, என்ர பிள்ளைக்கு ஒண்டும் இல்லை." அவர்களும் எழும்பி வந்து, ஒன்றும் விளங்காவிட்டாலும், "ஓம் ஓம், நல்ல வடிவு," என்றார்கள்.

எங்கள் தொழிலில் முறிவும் விலகலும்தான் பேச்சு. நோர்மல் படத்தை உறையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதுதான் வழக்கம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நோர்மல் மூட்டை நன்றாகப் பார்த்துப் பழகுங்கள். அந்த வளைவு கண்ணில் பதிந்துவிட்டால், முறிந்து நிற்பது தானாகத் தெரியும். பயந்து வந்தவருக்கு டொக்டர் "ஒன்றும் இல்லை" என்று சொல்லும்போது, முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் நல்ல நேரம் அது.