‘எஷோ நா’ என்று கத்தினாள் அக்கா

தார் வாசனையும் புளியோதரை வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், இன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல இரண்டே பேர்தான் இருக்கிறோம். ஒருத்தி என் அம்மா, இன்னொருத்தி நான். படகின் அடியில் அப்பா பூசிய தார் பங்குனி வெயிலில் இளகிக்கொண்டிருக்கும், அம்மாவின் மடியில் இருக்கும் எவர்சில்வர் தூக்கின் மூடிச் சந்து வழியாக நல்லெண்ணெயும் பெருங்காயமும் கசிந்துகொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவே ஆற்றுச் சேற்றின் வாடை வந்து உட்கார்ந்துகொள்ளும். யாராவது இதை ஒரு குப்பியில் அடைத்து விற்றால் நான் முதல் ஆளாகப் போய் வாங்குவேன்.

ஆமாம், எங்களுக்குச் சொந்தமாக ஒரு படகு இருந்தது. கல்கத்தா லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடி, இரண்டு அறை, வாடகை வீடு. ஒரு சைக்கிள்கூடக் கிடையாது, ஆனால் படகு உண்டு. அப்பா துறைமுகத்து அலுவலகத்தில் வேலை பார்த்தார். உடைக்கப் போன ஏதோ ஒரு கப்பலின் சின்னப் படகு ஏலத்துக்கு வந்தபோது, அதை எடுக்க வேறு ஒருவரும் கை தூக்காத காரணத்தால் அது அவர் தலையில் விழுந்தது. அம்மா வாசலில் நின்று, “ஏங்க, ஊர்ல எல்லாரும் வீடு வாங்குவாக, வயக்காடு வாங்குவாக. நீங்க தோணி வாங்கிட்டு வந்து நிக்கீகளே!” என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா அதற்கு, “உனக்காகத்தான்ட்டி வாங்கினேன்” என்றார். அதுவும் பொய் இல்லை.

கதை அக்காவிடமிருந்து தொடங்குகிறது. அக்காவின் பெயர் கோமதி, வங்காளிகள் வாயில் ‘கொமோதி’. பள்ளித் தோழி ஒருத்தியின் பின்னாலேயே போய், ஆற்றங்கரையில் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டச் சொல்லித்தந்த ஒரு கிளப்பில் சேர்ந்துகொண்டாள். ஒரே ஆள் உட்காரும் சின்னப் படகு, ஒரே ஒரு வெள்ளைப் பாய். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் வீட்டில் இருக்க மாட்டாள். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்த அம்மாவுக்கு இது தாங்கவில்லை. “தண்ணியக் கொடத்துல பாத்திருக்கேன், கெணத்துல பாத்திருக்கேன். ஆளையே முழுங்குற மாதிரி இம்புட்டு அகலத்துக்கு நான் பாத்ததில்ல. படுக்குற பாயவே ஒழுங்கா உதறிச் சுருட்டத் தெரியாதவ, படகுல பாயக் கட்டிக்கிட்டுப் போறாளாம்” என்று சமையலறையிலிருந்து வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். ரொம்பவும் போனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு “உள்ள வராதே!” என்று ஒரு கத்துக் கத்துவாள்.

அந்த வருஷம் அக்கா பத்தாவது முடிக்கப் போகிறாள். பங்குனியில் பந்தயம் என்று தெரிந்ததும் அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். “ஒத்தையில போயி ஒத்தையில திரும்பி வரணும். நடுவுல எவனாவது கை வச்சுத் தூக்கிவிட்டான்னா அன்னைக்கோட சரி, அப்புறம் ஆத்துப் பக்கமே தலைவச்சுப் படுக்கப்பிடாது” என்றாள். அக்கா யோசிக்காமல் “சரி” என்றாள். அம்மா சொன்னது போதாதென்று, “நானும் பக்கத்துலயே இருந்து பாப்பேன்” என்று ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள். கரையிலிருந்து பார்த்தால் பாய்கள் வெண்புள்ளியாகத்தான் தெரியும், பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் படகு வேண்டும். அப்பா ஏலத்துக்குப் போன காரணம் இதுதான்.

இந்த இடத்தில் ‘எஷோ நா’ என்ற இரண்டு சொற்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அம்மா கல்யாணமாகிக் கல்கத்தா வந்த புதிதில், வங்காளத்தில் ‘எஷோ’ என்றால் வா, ‘நா’ என்றால் இல்லை, வேண்டாம் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். மறுநாள் காலை கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மா, நாங்கள் கூப்பிடும் மாஷிமா, அம்மா படியிறங்குவதைப் பார்த்து வாசலில் நின்று சிரித்த முகமாக “எஷோ நா! எஷோ நா!” என்றிருக்கிறார். அம்மா இரண்டையும் கூட்டிப் பார்த்தாள். வராதே என்று வந்தது. ‘நாம என்ன செஞ்சோம்? மூஞ்சிக்கு நேரா சிரிச்சிக்கிட்டே வராதேங்காளே’ என்று மருகி, ஒரு மாதம் அந்த வாசலைத் தலை குனிந்தே கடந்திருக்கிறாள். கடைசியில் மாஷிமாவே மாடியேறி வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேநீர் கொடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. அது வராதே இல்லை, நம்முடைய ‘வாயேன்’.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், அதே மாஷிமா ஈரத் தரையில் செருப்போடு வரப்பார்த்த மகனைப் பார்த்து “எஷோ நா!” என்று கத்தினால் அது வராதேதான். சொல் ஒன்று, இழுத்துக் கொஞ்சினால் வாயேன், வெட்டிச் சொன்னால் வராதே. “இந்த ஊரு பாஷையில வார்த்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, கொரல வச்சுத்தான்” என்று அம்மா அலுத்துக்கொள்வாள். நானும் அக்காவும் வங்காளத்திலேயே சண்டை போட்டு வங்காளத்திலேயே கனவு கண்டு வளர்ந்தவர்கள் என்பதால் எங்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

பந்தய நாளன்று ‘தொகினா ஹாவா’ வீசியது. குளிர் போனபின் கடல் பக்கமிருந்து வரும் தெற்குக் காற்று. வங்காளிகளுக்கு அது வந்துவிட்டால் தலைகால் புரியாது. துறைமுகம் தாண்டித் தெற்கே ஒரு படித்துறையில் எங்கள் படகு கட்டிக் கிடந்தது. அம்மா அதில் கால் வைத்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முருகனையும் கோமதியம்மனையும் மாஷிமாவின் காளியையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள். பின்பக்கப் பலகையில் உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் பலகையின் விளிம்பைப் பிடித்தவள்தான், தூக்கு மடியிலேயே சாய்ந்து எண்ணெய் ஒழுகியும் கையை எடுக்கவில்லை. அவளுக்கு எதிரே அப்பா துடுப்புப் போட உட்கார்ந்தார். துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் படகில் ஊறும் தண்ணீரைப் பால்பவுடர் டப்பாவால் மொண்டு ஊற்றும் உத்தியோகம்.

கிளப் மாஸ்டர் கரையிலேயே சொல்லிவிட்டார். சிவப்புக் கொடி கட்டிய கோட்டுக்கு வெளியேதான் பார்க்க வந்த படகுகள் நிற்க வேண்டும். யார் கை பட்டாலும், எந்தப் படகு தொட்டாலும் அந்தப் பிள்ளைக்குப் பந்தயம் முடிந்தது, அது பெற்றவர்களாக இருந்தாலும் சரி. கிளப்பின் மோட்டார் படகு ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லோருக்கும் காற்றுச் சட்டை மாட்டியிருக்கிறது, யாரும் முழுக மாட்டார்கள். அம்மா இதை அப்பாவின் வாயால் தமிழில் ஒரு தடவை, மாஸ்டர் வாயால் வங்காளத்தில் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

கடல் தண்ணீர் ஆற்றில் ஏறுகிற ஏற்றம் நின்று, இறக்கம் தொடங்குவதற்கு முன்னே ஆறு கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும், அந்த நேரத்தில்தான் பந்தயம். விசில் ஊதியதும் பாய்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளம்பின. ஐயோ, எவ்வளவு அழகு! அக்காவின் பாயில் மாஷிமா தைத்துக் கொடுத்த நீல ஒட்டு இருந்ததால் கண்டுபிடிப்பது சுலபம். சுற்றிவர ஆற்றில் போட்டிருந்த மிதவைகளில் முதலாவதை அவள் முன்வரிசைப் பிள்ளைகளோடு சுற்றினாள். அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என் மவ பாருட்டி, என் மவ!” என்று குதித்ததில் படகு ஆடியது. அம்மா, “இருந்த எடத்துல இருங்க!” என்று அதட்டினாளே தவிர, கண்ணை நீல ஒட்டிலிருந்து எடுக்கவில்லை.

இரண்டாவது மிதவை எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். அக்கா திரும்பினாள், பாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் பளாரென்று அறைந்து விழுந்தது, படகு பக்கவாட்டில் சரிந்தது, நீல ஒட்டு தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக்கொண்டது. அக்கா இல்லை. பிறகு படகின் அந்தப் பக்கம் அவள் தலை தெரிந்தது. மோட்டார் படகு மெதுவாகக் கிட்டே வந்து நின்றது. அப்பா அதற்குள் துடுப்பை வலித்து எங்கள் படகைக் கோட்டுக்கு உள்ளே விட்டுவிட்டார்.

அப்போதுதான் அக்கா கத்தினாள், “அப்பா! எஷோ நா! எஷோ நா!”

அவசரத்தில் அவளுக்கு வாயில் வந்தது வங்காளம். காற்று அதைப் பிய்த்துத்தான் எங்களிடம் கொண்டுவந்தது; சொல் வந்து சேர்ந்தது, இழுத்தாளா வெட்டினாளா என்பது வழியிலேயே போய்விட்டது. வங்காளத்தில் கனவு காண்கிற எனக்கே தெரியவில்லை. “கூப்புடுதாட்டி, பிள்ள கூப்புடுதா!” என்று அப்பா முழு பலத்தையும் போட்டு வலித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் அக்கா இருந்தாள். அவளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது அம்மாதான்.

அம்மா பலகையிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். முன்னால் பாய்ந்து, அப்பாவின் ஒரு துடுப்பை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள்.

“நிப்பாட்டுங்க! அவ வர வேண்டாம்ங்கா.”

“வாங்காட்டி! எஷோன்னு கத்துதா, காது கேக்கல?”

“கூப்புடுற கொரலா அது? ரூமுக் கதவச் சாத்திக்கிட்டு உள்ள வராதேன்னு கத்துவால்லா, அந்தக் கொரலு. தொட்டுராதீக. தொட்டா போச்சு.”

அம்மா அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். அப்பாவே போய்த் தொட்டிருப்பார், அவள் போட்ட நிபந்தனைப்படியே அக்காவின் ஆறு அன்றோடு முடிந்திருக்கும், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதே இல்லை. அவள் இத்தனை நாளும் கேட்டது அதைத்தான். அதை அவளே பிடித்து நிறுத்தினாள்.

அக்கா கவிழ்ந்த படகின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நிற்கப் பார்த்தாள். வழுக்கினாள். மறுபடி ஏறினாள், மறுபடி வழுக்கினாள். அம்மா துடுப்பை விடாமல், தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “ஏறுட்டி… மெல்ல… கால ஊணு… ஏறுட்டி…” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கட்டத்தில் அக்கா பலகையில் நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்தாள். தண்ணீரில் படுத்திருந்த பாய் முதலில் வேண்டாவெறுப்பாகவும் பிறகு விறுவிறுவென்றும் எழுந்தது. அவள் உள்ளே விழுந்து, இருமி, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாயை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி ஆளாகத்தான் வந்தாள். இறக்கம் தொடங்கி, கரையில் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் அவளுக்காக அதை மறுபடி விரிக்க வேண்டியதாயிற்று. படித்துறையில் அவள் முகம் முழுக்கச் சேற்றோடு வந்து நின்றபோது அப்பா அழுதார். அம்மா அழவில்லை. சேலை முன்பக்கம் முழுக்கத் தாரும் நல்லெண்ணெயுமாக நின்றுகொண்டு, “மொதல்ல தலையத் துவட்டு” என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை எழுப்பிவிட்டதே அவள்தான்.

அக்கா அதன்பின் சில வருஷங்கள் ஓட்டினாள். கோப்பை என்று ஒன்றும் வாங்கவில்லை. இப்போது புனேயில் தணிக்கையாளர். அந்தப் படித்துறையில் பந்தயம் நின்று வெகுகாலம் ஆகிறது, மிதவைகள் கிடந்த இடத்தில் வெறும் ஆறு கிடக்கிறது. எங்கள் படகை அப்பா ஓய்வு பெற்ற வருஷம் யாரோ கொண்டுபோனார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். மாஷிமாவின் வாசல் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். அதே இரண்டாவது மாடியில் அம்மா மட்டும் இருக்கிறாள். பக்கத்து ஜாதவ்பூரிலிருந்து நான் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்தபோது அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். “அன்னைக்கு எஷோ நான்னு கத்தினேனே, வான்னு கத்தினேனா வராதேன்னு கத்தினேனா, இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியாதுடி. நீங்க நின்னதப் பாத்ததும்தான், சரி, நாமதான் ஏறணும் போலன்னு ஏறினேன்.” இதை அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அக்கா போனில், “கெளம்பி வரட்டுமாம்மா?” என்று கேட்டிருக்கிறாள். எங்களோடு எப்போதும் தமிழிலேயே பேசும் அம்மா, என்ன நினைத்தாளோ, “எஷோ நா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உடனே அக்கா எனக்குப் போன் போட்டாள்.

“ஏய், இவ வாங்கிறாளா, வராதேங்கிறாளா?”

“குரல் எப்படி இருந்துச்சு?”

“அதான் தெரியலியே. லைன் கரகரன்னு இருந்துச்சு.”

நான் புறப்பட்டு லேக் கார்டன்ஸ் போனேன். அம்மா கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பால்கனிக் கம்பியில் அக்காவின் பழைய கோரைப்பாயை வேலைக்காரப் பெண்ணை விட்டு உதறிப் போடச் சொல்லியிருக்கிறாள். தெற்குக் காற்றில் அது புடைத்துக்கொண்டு நின்றது. இது யாருக்கு என்று கேட்டேன். “யாருக்கும் இல்ல. சும்மா கெடந்துச்சு, வெயில் படட்டும்னு போட்டேன்” என்றாள் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் படியில் இறங்கி நின்று அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

“பாய் விரிச்சாச்சு, கெளம்பி வா” என்றேன்.