மினிஸ்டராக இறந்த மனிதர்

பிள்ளைகள், அகராதி பார்க்கப் பஞ்சிப்படாதீர்கள், சோம்பல் கூடாது என்று நான் உங்களை ஏசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டில்தான் அம்மாவின் தமையனான என் மாமாவும் இருந்தார். ஊரில் போதகராக இருந்தவர். இங்கே கிழமை நாட்களில் பெற்றோல் செட்டில் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் ஒரு வாடகை மண்டபத்தில் தமிழ்ச் சபைக்கு ஆராதனை நடத்துவார். அந்த வருடம் கவுன்சில் தேர்தலில் நிற்கும்படி ஒரு கட்சிக்காரர் அவரைக் கேட்டார். சபையாரோ, பிரசங்கமும் அரசியலும் சேர்ந்து சரிவராது, ஏதாவது ஒன்றை விடுங்கோ என்று சொல்லிவிட்டார்கள். மாமா இரண்டு கிழமையாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

"உங்கடை பிரசங்கத்துக்கே சனம் நித்திரை கொள்ளுது அண்ணை, வோட்டுக் கேட்டால் மட்டும் முழிச்சிருக்குமோ?" என்று அம்மா பகிடி விட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில், அமெரிக்கா புதிதாக உருவான காலத்து மனிதர் ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நூலகத்தில் எனக்குக் கிடைத்தது, தேவாலயத்தை விட்டுச் சட்டசபைக்குப் போன ஒரு போதகரின் கதை. அதைச் சொன்னதும் மாமா உருளைக்கிழங்கு உரிப்பதை விட்டுவிட்டார். அவருடைய சபையார் கோபித்தார்களா, பெண்சாதி என்ன சொன்னா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கோ ரீவி பார்க்கும் அவசரம்.

"கடைசியிலை என்னவாச் செத்தவர், பார் ராசா."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். "மினிஸ்டரா, மாமா."

"எந்த மினிஸ்டர்?"

செய்தியில் தினமும் கேட்கிற சொல்தானே. "மந்திரிதான்" என்றேன்.

மாமா மிச்சக் கிழங்கையும் உரித்து முடித்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கட்சிக்காரருக்குப் போன் எடுத்தார்.

அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியை என்னைத் திருத்தினார். அந்தச் சொல்லுக்குப் போதகர் என்றும் பொருளாம். அந்த மனிதர் அரசியல் அலுத்துத் தேவாலயத்துக்கே திரும்பி, போதகராகத்தான் இறந்தாராம். வீட்டில் நான் வாய் திறக்கவில்லை.

மாமா தோற்றார். நன்றாகவே தோற்றார். அதற்குள் சபைக்கு வேறு போதகர் வந்துவிட்டார். மாமா பின் வரிசைக் கதிரையில் போய் இருப்பார். ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் போகும் பஸ்ஸில், பொறுக்க ஏலாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் மாமா. "நானும் முப்பது வருசம் மினிஸ்டர்தானே."

தெரிந்தும் தேர்தலில் ஏன் நின்றார் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதருக்கு, போங்கோ என்று சொல்ல வீட்டில் ஓர் ஆள் தேவைப்பட்டது அந்த வயதில் விளங்கவில்லை.

அன்று ஆராதனை முடிந்ததும் மண்டபத்துக் குசினிக்குள் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. போதகருக்கென்று தனியாக வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையை எடுத்து, அதில் மாமாவுக்குத் தேத்தண்ணி ஊற்றினேன்.